அம்ப்ளிபயருக்கு வயது பார்க்காதீர்கள்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுற்றுலாப் பருவம் களைகட்டினாலும் சரி, நகருக்குள் கோயில் திருவிழாவின் கடைசி இரவில் மேடை போட்டாலும் சரி, திருகோணமலையில் ஓர் இசைக்குழு ஏறினால் எழுபதுகளின் துள்ளிசைப் பாட்டு ஒன்றாவது வந்தே தீரும். 'சுராங்கனி' கேட்காமல் கூட்டம் கலையாது. பாடுகிறவர் குரல் பொருந்தியிருக்கும், தாளம் பிசகாது. கிட்டார் மட்டும் வேறு ஊர்க் கல்யாணத்துக்கு வந்தவர் பந்தல் மாறி உட்கார்ந்துவிட்டதுபோல ஒட்டாமல் நிற்கும். 'பழைய சவுண்ட் வரவில்லை' என்று கேட்கிறவர்களும் சொல்கிறார்கள், வாசிக்கிறவர்களும் சொல்கிறார்கள். அதற்கு இரண்டு மருந்துகள் பேசப்படுகின்றன. வால்வு (வெற்றிடக் குழாய்) போட்ட பழைய அம்ப்ளிபயர் ஒன்றை எங்கிருந்தாவது தேடிப்பிடிக்க வேண்டும் என்பது ஒன்று. எல்லாப் பழைய பெட்டிகளையும் தனக்குள் வைத்திருக்கும் புத்தம்புதிய டிஜிட்டல் கருவியை வாங்கிவிட வேண்டும் என்பது மற்றது. இரண்டுமே பெட்டியின் வயதை எண்ணுகின்றன. என் கருத்தில் பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கிட்டார் அம்ப்ளிபயர் பழையதாகக் கேட்பதும் புதியதாகக் கேட்பதும் அது பிறந்த ஆண்டால் அல்ல. அழுத்தும்போது அது வளைந்து கொடுக்கிறதா, விறைத்து நிற்கிறதா என்பதால்.

திருகோணமலைக்காரர்களுக்கு இது வெறும் ரசனைப் பேச்சு அல்ல. ஈழத்து மெல்லிசை இசைத்தட்டில் ஏறத் தொடங்கிய நாட்களின் பெயர்களில் பரமேஸ் – கோணேஸ் சகோதரர்கள் இந்த ஊர்க்காரர்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் பாட்டுகள், தெற்கே கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மின்கிட்டார் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்து அலை. அந்த அலை வீடுகளுக்கு வந்துசேர்ந்தது வானொலி வழியாக. இங்கே கவனிக்க ஒன்று உண்டு. மத்திய அலை வானொலியில் நிலையத்துக்கு நிலையம் விடப்படும் இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ். அதில் ஒலிக்கு உண்மையாகக் கிடைப்பது அதன் பாதியளவு. பாடகரின் ஸகார ஷகாரங்களும் சிங்கியின் மினுக்கமும் அந்த எல்லையில் வெட்டுப்பட்டுப் போகும். கிட்டாருக்கு அந்த நட்டம் குறைவு, ஏனென்றால் 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கரின் கூம்பே ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் பேசாது. குரல் பாதி வெட்டுப்பட்டு வந்த குழாய் வழியே கிட்டார் மட்டும் அநேகமாக முழுசாக வந்தது. அந்தத் தலைமுறையின் நினைவில் கிட்டார் இவ்வளவு கிட்டத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். நாம் தேடுகிற 'பழைய சவுண்ட்' இந்த நினைவுதான். அதைக் கடையில் விலை கேட்பதற்கு முன் அது எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம்.

முதலில் வால்வு. வால்வு என்றால் பழசு, டிரான்சிஸ்டர் என்றால் புதுசு என்பது பரவலான எண்ணம். இந்த மாவட்டத்திலேயே அதற்குப் பெரிய மறுப்பு ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லே 1980களில் இங்கே அமைத்த அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 250 கிலோவாட் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பிகள் அங்கே இருந்தன. அந்த வகைப் பொறிகளின் இறுதிக்கட்டத்தில் வேலை செய்வது வால்வுதான்; ஆளின் கைக்கு அடங்காத அளவில், நீர் ஓட்டிக் குளிர்விக்கும் வால்வு. அதைப் பழம்பொருள் என்று யாரும் சொல்லவில்லை. மறுபக்கம், ரோலண்ட் நிறுவனம் ஜேசி-120 என்ற கிட்டார் அம்ப்ளிபயரை 1975இல் வெளியிட்டது. அதில் வால்வே கிடையாது. நித்தியும் மனோகரனும் இங்கே கொடிகட்டிப் பறந்த அதே பத்தாண்டில் பிறந்த பெட்டி அது. இன்று கேட்டாலும் கண்ணாடி துடைத்ததுபோல் பளிச்சென்றிருக்கும், பழைய வாசனை கொஞ்சமும் அடிக்காது. ஆகவே உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்பதும் கணக்கைத் தீர்க்கவில்லை, எந்த ஆண்டு என்பதும் தீர்க்கவில்லை.

தீர்ப்பது எது? உள்துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பலைப் பாருங்கள். நைலோன் கயிற்றால் கட்டியிருந்தால், அலை தூக்கும்போது கயிறு கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்து, பிறகு கப்பலைத் தன் இடத்துக்கு மெல்ல இழுத்துக்கொள்ளும். எஃகு வடத்தால் கட்டினால் ஒவ்வோர் அலையும் வெட்டென்று தெரியும். அம்ப்ளிபயரின் மின்வழங்கலும் இப்படித்தான். சுவரிலிருந்து வரும் மாறுமின்னை நேர்மின்னாக்கும் வேலையை ஐம்பதுகளின் பெட்டிகளில் ஒரு ரெக்டிபயர் வால்வு செய்தது. அதற்கு உள்ளேயே ஒரு தடை உண்டு. தந்தியை ஓங்கி அடித்தால் வெளியீட்டு வால்வுகள் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும். ரெக்டிபயரால் உடனே கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் ஒரு கணம் தொய்யும். அடியின் முனை மழுங்கும். பிறகு அழுத்தம் மீளும்போது ஸ்வரம் மெல்ல வீங்கி எழும். கிட்டார் 'பாடுகிறது' என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்தத் தொய்வும் மீட்சியும்தான். அந்த வால்வை எடுத்துவிட்டு சிலிக்கன் டயோடு போட்டால், வடிகட்டும் கப்பாசிட்டர்களையும் பெரிதாக்கினால், தொய்வு போய்விடும். அடி அடியாகவே வரும். இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் மேசா பூகி வெளியிட்ட டூவல் ரெக்டிபயர் என்ற பெட்டியின் பெயரே சான்று. அதில் டயோடும் இருக்கிறது, ரெக்டிபயர் வால்வும் இருக்கிறது. எது வேண்டும் என்று வாசிப்பவர் ஒரு சுவிட்சைத் தட்டித் தெரிவுசெய்யலாம். ஒரே பெட்டி, ஒரே ஸ்பீக்கர், ஒரே கை. சுவிட்சை இந்தப் பக்கம் தட்டினால் வயது ஏறுகிறது, அந்தப் பக்கம் தட்டினால் இறங்குகிறது.

தொய்வு பாதிக் கதை. மீதிப் பாதி, கீழ்ஸ்தாயியை எங்கே வெட்டுகிறோம் என்பது. லியோ பெண்டரின் 1959ஆம் ஆண்டு பாஸ்மன் அம்ப்ளிபயர் பெயருக்கேற்ப பாஸ் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. அடி ஒலியைத் தாராளமாக உள்ளே விடும். லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் தன் முதல் அம்ப்ளிபயரான ஜேடிஎம்45ஐச் செய்வித்தபோது அந்தச் சுற்றையே முன்மாதிரியாகக் கொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் மார்ஷல் பெட்டிகளின் முதல் கட்டத்தில் ஒரு சிறு உறுப்பு மாறியது. பெண்டர் வழக்கமாக 25 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் போடும் இடத்தில் 0.68 வந்தது. விரல் நகமளவு பொருள்தான். அது செய்த வேலை, ஒலி முறியும் (டிஸ்டோர்ஷன் ஏறும்) கட்டத்துக்குப் போகும் முன்பே அடி ஒலியைக் குறைத்துவிடுவது. அடி ஒலி குறையாமல் ஒரு கட்டம் முறிந்தால் குழைந்த களிபோல் ஒலிக்கும். குறைத்துவிட்டு முறித்தால் கத்திபோல் நிற்கும். 1987இன் சொல்டானோ, 1992இன் பீவி 5150 என்று பின்னர் வந்த பெட்டிகள் செய்ததெல்லாம் இதையே அடுக்கடுக்காகச் செய்ததுதான்: குறை, முறி, மறுபடி குறை, மறுபடி முறி, கடைசியில் இழந்த அடி ஒலியை ஸ்பீக்கருக்கு முன்னால் திருப்பிக் கொடு. இன்றைய ஹெவி மெட்டல் கிட்டார்க்காரர்கள் இந்தப் பெட்டிகளுக்கும் முன்னால் டியூப் ஸ்கிரீமர் என்ற பச்சைநிற மிதிபெட்டியை வைத்து, முறிவுக் குமிழைப் பூச்சியத்தில் விட்டுவிடுகிறார்கள். முறிப்பதற்காக அல்ல, அடி ஒலியை இன்னும் கொஞ்சம் சீவுவதற்காக. அந்த மிதிபெட்டி எழுபதுகளின் இறுதியில் வந்தது. நவீன ஒலி வேண்டுமென்று நாற்பது வருடம் தாண்டிய பழைய சாமானைக் காலடியில் வைத்துக்கொள்கிறார்கள் என்றால் வயதுக் கணக்கு எங்கே போய் நிற்கிறது? இன்னும் வேடிக்கை, அந்த நவீன ஒலிக்கு எல்லாரும் விரும்பும் செலஸ்டியன் ஸ்பீக்கரின் பெயர் விண்டேஜ் 30. 1986இல் வந்தது. பெயரை நம்பி வாங்கியவர்கள் பாவம்.

இந்த முறிவு நம்முடைய பாட்டுக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முறிவுள்ள சுற்றில் இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாகப் போனால், அவற்றின் வித்தியாசமும் ஒரு மூன்றாவது ஸ்வரமாகப் பிறக்கும். 220 ஹேர்ட்ஸில் ஸட்ஜத்தை வையுங்கள். பஞ்சமம் 330. வித்தியாசம் 110, அது கீழ்ஸ்தாயி ஸட்ஜமே. ஸ, ப இரண்டையும் எவ்வளவு முறித்தாலும் உள்ளே பிறப்பது இன்னொரு ஸ. ஹெவி மெட்டலின் 'பவர் கோர்ட்' என்பது இந்த ஸ–ப தான். தம்புரா காலங்காலமாகச் சொல்லிவருவதும் அதுதான். இப்போது காந்தாரத்தைச் சேருங்கள். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் 275. அதிலிருந்து 220ஐக் கழித்தால் 55, இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஸட்ஜம், குறையே இல்லை. ஆனால் கிட்டாரின் பிரெட் சமபங்கீட்டில் அடிக்கப்பட்டது, அதன் காந்தாரம் 277. வித்தியாசம் 57. அந்த 57 ஸட்ஜமும் அல்ல, அடுத்த ரிஷபமும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் உறுமும் ஓர் அநாதை. முறிவு குறைந்த பெட்டியில் அந்த அநாதையின் குரல் கேட்கவே கேட்காது. முறிவு கூடிய பெட்டியில் அது மேலே ஏறி வந்து உட்கார்ந்துவிடும். பைலாவும் துள்ளிசையும் ஸ–ப வைத்து ஓடும் இசை அல்ல. ஆறு தந்தியையும் சேர்த்து, காந்தாரத்தோடு, மேலும் கீழுமாக வாரி அடிக்கும் இசை. மூன்று ஸ்வரக் கோர்ட்டை அடிக்கும் கைக்கு, இரண்டு ஸ்வரத்துக்காக வடித்த பெட்டியைக் கொடுத்தால் மேடையில் கேட்பது அந்த 57தான். 'பழைய சவுண்ட் வரவில்லை' என்ற குறையில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கிட்டாரின் தலையிலும் கிட்டார்க்காரரின் தலையிலும் போடுவது நியாயமில்லை.

வளைந்து கொடுக்கும் பெட்டிக்குள் ஊரின் மின்சாரமும் நுழையும். கிட்டார்க்காரர் எடி வான் ஹேலன் தன் மார்ஷலுக்குப் போகும் 120 வோல்ட்டை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் ஒன்றைக் கொண்டு 90ஐ ஒட்டி இறக்கி வாசித்தது கிட்டார் உலகில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. மின்னழுத்தம் இறங்கினால் வால்வுகள் சீக்கிரம் களைக்கும், ஒலி மிருதுவாகும். அவர் வேண்டுமென்று செய்ததை நம் ஊர்க் கம்பிகள் கேளாமலே செய்தன. 230 வோல்ட் என்று எழுதியிருக்கும் இணைப்பில், மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரம், கம்பி நீண்ட கோடியில் வாசிப்பவருக்கு 230 கிடைக்காது. அன்று அது குறை. இன்று அதே குறையை டிஜிட்டல் கருவியில் 'சாக்' (sag, தொய்வு) என்று பெயரிட்டுக் குமிழ் வைத்து விற்கிறார்கள். இன்றைய கருவிகளின் மின்வழங்கி 100 முதல் 240 வரை எது வந்தாலும் ஒரே சீராகத் தந்துவிடும். ஊரின் கரண்ட் அதற்குள் போக வழியில்லை. அது நல்லதுதான். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது சிறு ஜெனரேட்டரின் தள்ளாட்டத்தைப் பொறுத்துக்கொண்டு நின்றவை இந்த வகைக் கருவிகளே. வளைந்து கொடுப்பதை நான் புகழ்கிறேன் என்பதால் விறைத்து நிற்பதன் பயனை மறைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழலாம்: இந்தப் பழைய ஒலி மோகம் பற்றாக்குறையை அழகாக நினைத்துக்கொள்ளும் பழக்கம்தானே? கேள்வியில் உண்மை இருக்கிறது. துள்ளிசை எழுந்த காலம் 1970க்கும் 1977க்கும் நடுவில் நாடு இறக்குமதிக் கதவை அடைத்திருந்த காலத்தோடு பெரிதும் பொருந்துகிறது. இருப்பதை வைத்து ஒப்பேற்றிய காலம் அது. 1977இல் பொருளாதாரம் திறந்ததும் ஜப்பானியக் கசெற் ரெக்கோடர்களும் டிரான்சிஸ்டர் சாமான்களும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அமெரிக்காவில் பழையதிலிருந்து புதியதற்குப் போன வழி ஒரு சுற்றிலிருந்து இன்னொரு சுற்றுக்கு, படிப்படியாக. நமக்கு அது சுங்கக் கொள்கை மாறிய ஒரே ஆண்டில் வந்து விழுந்தது. அதனால்தான் நம் காதில் 'பழசு', 'புதுசு' இரண்டும் இத்தனை கூர்மையாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் பற்றாக்குறையால் வந்த ஒலி என்பதால் அது பொய்யான ஒலி ஆகிவிடாது. 57 ஹேர்ட்ஸ் கணக்குக்குச் சுங்கத் தீர்வை தெரியாது. குறைந்த முறிவில் முழுக் கோர்ட் தெளிவாகக் கேட்கும் என்பது 1975இலும் உண்மை, இன்றும் உண்மை. வறுமையின் நினைவைக் கழித்த பிறகும் மிஞ்சுகிற இந்தப் பகுதியைத்தான் நான் காப்பாற்றச் சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு கனமானது. லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு அவரைக்கொட்டை வடிவப் பொட் 1998இல் வந்ததிலிருந்து, கெம்பர் போன்ற கருவிகள் வரை, பெட்டியின் தொய்வையும் முறிவையும் ஸ்பீக்கரையும் கணக்காக்கி ஒரு சிறு கருவிக்குள் அடைத்துவிட்டார்கள். பிறகு வளைவு, விறைப்பு என்ற பேச்செல்லாம் எதற்கு? ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கருவிகள் நன்றாகவே செய்கின்றன. மேடையில் எட்டடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்றாலும் நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்தக் கருவிக்குள் நூறு பெட்டிகள் இருக்கின்றன, எதைத் தெரிவுசெய்வது? கருவியை முதன்முதலாக இயக்கினால் முன்னால் வந்து நிற்பவை கடைக்காரர் கைதட்டல் வாங்குவதற்காக அடுக்கி வைத்த முறிவு மிகுந்த ஒலிகள். 'சுராங்கனி' வாசிக்க வந்தவர் அதில் முதலாவதைத் தட்டிவிட்டு, பழைய சவுண்ட் வரவில்லை என்று அடுத்த கருவிக்கு விலை கேட்கிறார். விலை கேட்பது இப்போது விளையாட்டல்ல. 2022இல் டொலர் 200 ரூபாவை ஒட்டிய இடத்திலிருந்து 360ஐ ஒட்டிப் போனது. இறக்குமதிச் சாமானின் விலை அதே கணக்கில் ஏறியது. அதற்குமேல் கடற்காற்று. துறைமுகத்தை ஒட்டிய ஊரில் உப்பு ஏறாத குமிழும் இல்லை, கரகரக்காத சாக்கெட்டும் இல்லை. ஐம்பது வருடப் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அது இங்கே எத்தனை மாதம் தன் குணத்தோடு இருக்கும் என்பதையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்ற கடைசி மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் ஒருவருக்கும் ரெக்டிபயர் தெரியாது. ஆனால் தொய்வை முதலில் உணர்வது கூட்டம் அல்ல, வாசிப்பவரின் வலக்கை. அடித்த அடி மழுங்கி வருகிறது என்று தெரிந்தால் கை தானாகத் தளர்ந்து வாரும். அடி அப்படியே முகத்தில் திரும்பி வந்தால் கை சுருங்கும், தந்தியை உள்ளங்கையால் அமுக்கும், கோர்ட்டைப் பாதியாக்கும். கூட்டம் கேட்பது பெட்டியை அல்ல, பெட்டி மாற்றிவிட்ட அந்தக் கையை. துள்ளிசையின் துள்ளல் மேலடி கீழடிகளுக்கு நடுவே விழும் சின்ன இடைவெளிகளில் இருக்கிறது. சுருங்கிய கையில் அது முதலில் போய்விடும்.

ஆகவே அடுத்த முறை மேடைக்கு முன் புதுப் பெட்டியும் தேட வேண்டாம், பழைய பெட்டியும் தேட வேண்டாம். கையில் இருப்பது எதுவானாலும் கெயின் குமிழை, இரண்டு ஸ்வரம் சேர்ந்தால் முறிவு தெரிகிற இடத்திலிருந்து பின்னோக்கிக் கொண்டுபோகலாம். அடி ஒலியை பாஸ் கிட்டாருக்கு விட்டுவிட்டுக் கொஞ்சம் குறைக்கலாம். டிஜிட்டல் கருவியானால் 'சாக்' என்றிருக்கும் குமிழைத் தொட்டுப் பார்க்கலாம். பிறகு ஸ, காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் ஒன்றாக அடித்துவிட்டு, கீழே எதுவும் உறுமுகிறதா என்று காது கொடுக்கலாம். உறுமல் நின்றதும் பாடகரைக் கூப்பிடலாம்.